தபாலின் வளர்ச்சியும் அங்கத்தினர் கவனிக்க வேண்டியதும்

திருச்சிராப்பள்ளியில் போடப்படும் சாதாரணக் கடிதம் காவேரிக்கு அக்கரையிலுள்ள ஸ்ரீரங்கத்துக்கும், தூரத்திலுள்ள காசிக்கும் ஒரே கட்டணத்தில் போய்ச் சேருகிறது. இவ்வழக்கம் ஆதியிலிருந்தே ஏற்பட்டதன்று. இது உண்டான விதத்தை ஐக்கிய சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

கும்பினியார் முதலில் தங்கள் உத்தியோகக் காகிதங்களுக்காகவே தபாலை நடத்தினர். சென்னையில் 1786-ல் பெரிய தபாலாபீஸ் திறக்கப்பட்டது. அக்காலத்தில் கட்டணம் நிறையையும் தூரத்தையும் பொறுத்திருந்தது. 1837-ம் வருஷச் சட்டத்தின் பின்னும், கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலாக் கடிதம் அனுப்ப ஒரு ரூபாயாயிற்று. ஏழைக் குடியானவன் அதற்கு எங்கே போவான்?

கடிதத்தைச் சுமந்து செல்லும் செலவு சொற்பம். தூரம் பார்த்துக் கணக்கெழுதி, பெறுவோரிடம் வசூலிக்கும் செலவே அதிகம். இதனை ரௌலண்டு ஹில் என்பவர் எடுத்துக் காட்டியதன் பயனாக, இங்கிலாந்தில் 1840-ல் ஒரே கட்டணமும் முன்பணமாக ஒட்டும் தலையும் வந்தன. இந்தியாவில் 1854 அக்டோபரில் அம்முறை ஏற்பட்டது. கால் தோலாக் கடிதம் எவ்வளவு தூரமாயினும் அரையணாவுக்குச் சென்றது. 1879-ல் காலணாக் கார்டும் வந்தது. சிலரிடம் பெருந்தொகை வாங்குவதைவிடப் பலரிடம் சிறுதொகை சேர்ப்பதே ஸ்தாபனத்தை நிலைநிறுத்தும் என்பது இதனால் விளங்கும். நமது சங்கங்களின் பங்குத்தொகையும் இத்தன்மையதே.

நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு 1862-ல் இருப்புப்பாதை வந்தது. ரயில் ஓடிய இடங்களில் தபாற்பை ஓட்டக்காரர் தோளை விட்டு வண்டியேறிற்று.

பணம் அனுப்புவதோ நெடுநாள் கஷ்டமாகவே இருந்தது. நோட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதி சேர்ந்த தகவல் வந்தபின் மறுபாதியை அனுப்புவோரும் இருந்தனர். 1880-ல் மணியார்டர் வேலையைத் தபாலிலாகா ஏற்றது. 1882-ல் சேமிப்புப் பாங்கி தொடங்கிற்று. 1972 ஆகஸ்டு 15 முதல் ஊர்களுக்கு ஆறிலக்க எண் வழங்கலாயிற்று, ஸ்ரீரங்கத்துக்கு 620006. தந்தி 2013-ல் நின்றுபோயிற்று. 2018-ல் தபாலிலாகாவின் பேமெண்ட்ஸ் பாங்கி ஏற்பட்டு, தபால்காரரே வீட்டு வாயிலில் பணம் கொடுக்கவும் வாங்கவும் வழியுண்டாயிற்று.

வசதி பெருகப் பெருக ஜாக்கிரதையும் பெருகவேண்டும். தபால் சேமிப்புக்கு மத்திய சர்க்காரின் பொறுப்பு உண்டு. ஆயினும், புஸ்தகத்தில் பதியாத தொகைக்கு நியாயம் கேட்பது எளிதன்று. ஆகையால் அங்கத்தினர்கள்,

(1) பணம் கட்டியவுடன் பாஸ் புஸ்தகத்தில் தொகையும் தேதி முத்திரையும் பதியச் செய்து, அங்கேயே படித்துப் பார்க்கவேண்டும். படிக்கத் தெரியாதவர் தம் பிள்ளைகளைக் கொண்டேனும் பார்க்கவேண்டும்.

(2) புஸ்தகத்தை எவரிடமும் விட்டுவைக்கலாகாது.

(3) நிரப்பாத படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கலாகாது.

(4) கைரேகை வைத்துப் பணம் பெறும்போது, எடுத்த தொகையும் மிச்சமும் எவ்வளவென்று கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

சங்கத்தில் கட்டும் பணத்துக்கும் இவ்விதிகளே பொருந்தும். உத்தியோகஸ்தர் எவ்வளவு பழகியவராயினும் ரசீது கேட்பதில் அவமரியாதை ஒன்றுமில்லை. யோக்கியமான காரியதரிசி அதனை விரும்பவே செய்வார்.