புரதப் படிகங்கள் வளரும் விதம்

கற்கண்டு செய்பவர்கள் சர்க்கரைப் பாகை நன்றாகக் காய்ச்சி, குறுக்கே நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி, அசைக்காமல் பல நாள் வைத்துவிடுவார்கள். பாகு மெல்ல ஆறும். நூலைப் பற்றிக்கொண்டு கற்கண்டு வளரும். பொறுக்காமல் கிளறினால் பொடிச் சர்க்கரைதான் மிஞ்சும். இன்று நான் சொல்லப்போகும் செய்தியில் பெரும் பகுதி இந்தப் பாத்திரத்திற்குள்ளேயே இருக்கிறது. சர்க்கரையின் இடத்தில் புரதத்தை வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை எளிதில் படிகமாகும், புரதம் ஆகாது. அதுதான் வேறுபாடு.

புரதத்தைப் படிகமாக்க வேண்டிய அவசியம் என்ன? ஒரு புரத மூலக்கூறில் ஆயிரக்கணக்கான அணுக்கள் உண்டு. அவை எங்கெங்கே அமைந்துள்ளன என்று அறிய எக்ஸ்-கதிர்களைச் செலுத்துகிறார்கள். தனி மூலக்கூறு சிதறச்செய்யும் கதிர் மிகச் சொற்பம். ஒருவர் பாடினால் தெருக்கோடிக்குக் கேட்காது. ஆயிரம் பேர் ஒரே தாளத்தில் பாடினால் கேட்கும். படிகத்திலே கோடானுகோடி மூலக்கூறுகள் ஒழுங்காக அணிவகுத்து நிற்பதால், சிதறிய கதிர்கள் ஒன்றுகூடிப் புள்ளிகளாகப் பதிகின்றன.

இதன் தொடக்கக் கதை சுவையானது. ஸ்வீடன் நாட்டு உப்சாலா நகரில் ஜான் ஃபில்பாட் என்பவர், பெப்சின் என்னும் செரிமானப் புரதத்தின் கரைசலைக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டுப் பனிச்சறுக்கு விளையாடப் போய்விட்டார். திரும்பிவந்து பார்த்தால், இரண்டு மில்லிமீட்டர் நீளம் வரை படிகங்கள்! அவை கேம்பிரிட்ஜில் இருந்த பெர்னாலிடம் வந்து சேர்ந்தன. வெளியே எடுத்து உலரவிட்ட படிகத்திலிருந்து ஒழுங்கான புள்ளி எதுவும் கிடைக்கவில்லை. வளர்ந்த நீரிலேயே இருந்தவரை நுண்ணோக்கியில் பளபளத்த படிகம், உலர்ந்ததும் அப்பொலிவை இழந்ததைப் பெர்னால் கவனித்தார். நீரோடு சேர்த்தே மெல்லிய கண்ணாடிக் குழலில் அடைத்துப் படமெடுத்தார். புள்ளிகள் தெளிவாக விழுந்தன. அவரும் டாரதி குரோஃபுட்டும் 1934-இல் அதை வெளியிட்டார்கள். புரதப் படிகத்தில் ஏறக்குறையப் பாதி நீர்தான். நீர் போனால் அணிவகுப்பும் குலைந்துவிடும்.

படிகம் வளர்க்கும் முறைகளுள் பெரிதும் கையாளப்படுவது தொங்கு துளி முறை. சிறு குழியொன்றில் அம்மோனியம் சல்பேட் போன்ற உப்புக் கரைசலை ஊற்றுகிறோம். ஒரு கண்ணாடி வில்லையில் புரதக் கரைசல் ஒரு துளியும் குழியிலுள்ள கரைசல் ஒரு துளியும் கலந்து, வில்லையைக் கவிழ்த்துக் குழியைக் காற்றுப் புகாமல் மூடுகிறோம். துளியில் உப்பின் செறிவு குழியில் உள்ளதில் பாதி. ஆகவே துளியின் நீர் ஆவியாகிக் குழியை நோக்கிச் செல்லும். துளி சுருங்கச் சுருங்க, புரதம் தெவிட்டுநிலையைத் தாண்டும்.

இங்கேதான் சங்கடம். படிகத்தின் கரு தோன்றுவதற்கு மிகுந்த செறிவு வேண்டும். தோன்றிய கரு நன்றாக வளர்வதற்கோ அதைவிடக் குறைந்த செறிவே ஏற்றது. செறிவு மிஞ்சினால் ஆயிரம் கருக்கள் ஒரே வேளையில் தோன்றி, இருக்கும் புரதத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். முட்டை வெண்கருவிலுள்ள லைசோசைமைக் கொண்டு நான் முதன்முதலில் முயன்றபோது, விரைவில் பலன் காணும் ஆசையால் சமையல் உப்பை 8 சதவிகிதம் சேர்த்தேன். மறுநாள் துளி நிறையப் பொடிகள், ஒன்றுகூடப் பயன்படவில்லை. 4 சதவிகிதத்தில் மூன்று நான்கே தோன்றின. ஆனால் அவை வெறுங்கண்ணுக்குத் தெரியுமளவு வளர்ந்தன. லைசோசைம் சாது. மற்றப் புரதங்களுக்கு 24 குழிகள் கொண்ட தட்டில், ஒரு பக்கமாக உப்பையும் மறு பக்கமாக அமிலத்தன்மையையும் சிறிது சிறிதாக மாற்றி, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கரு தானாகத் தோன்றாவிட்டால், பழைய படிகத்தைப் பொடித்து விதையாகத் தூவுவதும் உண்டு. அழகான படிகம் கிடைத்துவிட்டாலும் உடனே மகிழக்கூடாது. ஊசி முனையால் அழுத்திப் பார்க்கவேண்டும். மெத்தென்று உதிர்ந்தால் புரதம். கடினமாக நின்று நறுக்கென்று உடைந்தால் வெறும் உப்பு. இந்த ஏமாற்றத்தை அறியாத ஆராய்ச்சியாளர் அரியர்.

உயிரணுவில் புரதங்களை உண்டாக்கும் ரைபோசோமைப் படிகமாக்க முடியாது என்றே பலர் நம்பியிருந்தார்கள். இஸ்ரேலைச் சேர்ந்த அடா யோனத் 1980 அளவில் அதன் முதற் படிகங்களைப் பெற்றார். அவை எக்ஸ்-கதிர் பட்டதும் சிதைந்தன. குளிரவைத்தால் கதிரைத் தாங்கும். ஆனால் பாதி நீராயிற்றே, அது பனிக்கட்டியாகிப் படிகத்தைப் பிளந்துவிடுமே! எண்ணெய் பூசி ஒரே நொடியில் உறையவைத்தால், நீர் பனிக்கட்டியாக ஒழுங்குபட நேரமில்லாமல் கண்ணாடிபோல் இறுகிவிடும். இன்று பெரும்பாலான புரதப் படிகங்களைச் சுழியத்திற்குக் கீழ் ஏறக்குறைய 170 பாகைக் குளிரில் வைத்தே படமெடுக்கிறார்கள். ரைபோசோமின் அணு அமைப்பு 2000-இல்தான் வெளியாயிற்று. 2009-இல் யோனத்துடன் தாமஸ் ஸ்டைட்சும், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.