பெட்டிக்குள் ஒரு சர்வர்!

"டேய், என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுச்சு!"

புராஜெக்ட் வைவா நாளில் இந்த வசனம் கேட்காத லேப் உண்டா நண்பர்களே? ஜாவாவில் எழுதி, டாக்கர் கன்டெய்னரில் போட்டுக் கொண்டு வருபவர்கள் பல சமயம் மாட்டிக்கொள்வது புரோகிராமில் அல்ல, சர்வர் செட்டிங்கில்தான்!

முன்பெல்லாம் டோம்கேட் சர்வரைத் தனியாக இன்ஸ்டால் செய்து, நம் புரோகிராமை 'வார்' பைலாக அதற்குள் வைப்பது வழக்கம். சர்வர் வீடு, புரோகிராம் குடித்தனக்காரர். ஜெட்டி போன்ற சர்வர்களைப் புரோகிராமுக்குள்ளேயே வைத்து ஓட்டும் முறையும் இருந்தது. 2014-ல் வந்த ஸ்பிரிங் பூட் 1.0 அந்த முறையைப் பரவலாக்கியது. இப்போது சர்வரும் ஒரு லைப்ரரியாக நம் ஜார் பைலுக்குள் உட்கார்ந்துவிடுகிறது. அந்த ஜாரைக் கன்டெய்னருக்குள் வைத்தால், வீடும் குடித்தனக்காரரும் சேர்ந்தே பெட்டிக்குள் போய்விடுகிறார்கள்!

எனவே பெட்டியின் வாசல் எது, அளவு என்ன, எப்போது மூடுவார்கள் என்ற மூன்றையும் சர்வருக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

வாசல்

ஸ்பிரிங் பூட்டில் சர்வர் வழக்கமாகத் திறக்கும் போர்ட் 8080. சிலர் பாதுகாப்பு என்று நினைத்து சர்வர் முகவரியை 127.0.0.1 என்று கொடுத்துவிடுவார்கள். கன்டெய்னருக்குள் அந்த எண்ணுக்கு 'இந்தப் பெட்டி மட்டும்' என்று பொருள். வெளியே இருக்கும் பிரௌசர் தட்டினால் கதவு திறக்காது. 0.0.0.0 என்று கொடுங்கள், அல்லது ஒன்றும் கொடுக்காமல் விடுங்கள்.

டாக்கர்ஃபைலில் 'எக்ஸ்போஸ்' எழுதினால் மட்டும் போர்ட் வெளியே திறந்துவிடாது. அது வெறும் குறிப்புதான். ஓட்டும்போது 9090:8080 என்று சொல்ல வேண்டும். இடது எண் வெளிவாசல், வலது எண் உள்வாசல். டேட்டாபேஸ் வேறு கன்டெய்னரில் இருந்தால் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று தேடாதீர்கள். கம்போஸ் பைலில் அதற்கு வைத்த சர்வீஸ் பெயரைக் கொடுங்கள்.

அளவு

பெட்டிக்கு 512 எம்.பி. மெமரி கொடுத்தோம் என்று வையுங்கள். ஜாவா அதில் கால் பங்கை, அதாவது சுமார் 128 எம்.பி.யை மட்டுமே ஹீப்பின் உச்சமாக எடுத்துக்கொள்ளும். போதவில்லையென்றால் 'மேக்ஸ் ராம் பெர்சன்டேஜ்' என்ற ஆப்ஷனால் கூட்டலாம். அதற்காக 100 என்று போட்டுவிடாதீர்கள்! த்ரெட் ஸ்டாக், கிளாஸ் விவரங்கள் எல்லாம் ஹீப்புக்கு வெளியே இடம் கேட்கும். டோம்கேட் 200 த்ரெட் வரை எடுக்கும். 64 பிட் லினக்ஸில் ஒவ்வொன்றின் ஸ்டாக்கும் வழக்கமாக 1 எம்.பி. வரை வளரலாம். சின்னப் புராஜெக்ட்டுக்கு த்ரெட் உச்சம் 50 போதுமே!

எல்லை மீறினால் லினக்ஸ் சத்தமில்லாமல் கொன்றுவிடும். ஜாவா எர்ரர் ஒரு வரிகூட வராது. எக்ஸிட் கோடு 137 மட்டும் மிஞ்சும். அதைப் பார்த்தால் முதலில் மெமரியைச் சந்தேகப்படுங்கள்.

மூடும் நேரம்

கன்டெய்னரை நிறுத்தச் சொன்னால் டாக்கர் முதலில் 'சிக்டெர்ம்' என்ற சிக்னலை அனுப்பும். லினக்ஸில் வழக்கமாக 10 விநாடி பொறுக்கும். அப்புறம் ஒரே வெட்டு! அந்த நேரத்தில் ஒருவர் ஹாஸ்டல் ஃபீஸ் கட்டிக்கொண்டிருந்தால்? பணம் போயிருக்கும், ரசீது பதிவாகியிருக்காது.

ஸ்பிரிங் பூட் 2.3-ல் (2020) வந்த 'கிரேஸ்ஃபுல் ஷட்டவுன்' இதற்காகத்தான். புது ரிக்வெஸ்ட்டை நிறுத்தி, கையிலிருப்பதை முடித்துவிட்டுத்தான் சர்வர் மூடும். ஆனால் அது காத்திருக்கும் நேரம் வழக்கமாக 30 விநாடி; டாக்கர் பொறுப்பதோ பத்தே விநாடி! ஒன்று அதை 8 ஆகக் குறையுங்கள், அல்லது டாக்கரின் நேரத்தைக் கூட்டுங்கள். டாக்கர்ஃபைலில் ஸ்டார்ட் கமாண்டைச் சதுர அடைப்புக்குள் எழுதுவதும் முக்கியம். இல்லாவிட்டால் ஷெல் நடுவில் நின்றுகொள்ளும். சிக்னல் ஜாவாவுக்குப் போய்ச் சேராமல் போகலாம்.

வைவாவுக்கு ஒரு வாரம் முன்பே, பக்கத்து நண்பனின் மெஷினில் ஓட்டிப் பாருங்கள். வேண்டுமென்றே நடுவில் நிறுத்தியும் பாருங்கள். அங்கேயும் ஓடினால்தான், நண்பர்களே, அது ஓடுகிறது என்று அர்த்தம்!