சிப்பிப்பாறையா, கன்னியா?

கறுப்பு உடம்பு, இரு கண்ணுக்கும் மேலே செம்புள்ளி, கால்களில் செம்மை: அந்த நாய் கன்னி. உடம்பு முழுக்கச் செவலையோ மயிலையோ சாம்பலோ ஒரே நிறமாக ஓடினால் சிப்பிப்பாறை. அவசரமாகக் கேட்பவருக்கு விடை இவ்வளவுதான். பெரும்பாலான நேரம் இது சரியாகவும் இருக்கும். சரியாக இல்லாத நேரத்தில்தான் சண்டை வருகிறது. குட்டி வாங்கப் போகிறவருக்குப் பணமும் போகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

இரண்டும் தென்தமிழகத்துக் கரிசல் காட்டு வேட்டைநாய்கள். விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை என்கிற ஊரின் பெயர்தான் ஒன்றுக்கு. கன்னியைக் கோவில்பட்டி, கழுகுமலை வட்டாரத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். இந்த இரண்டு வட்டாரத்துக்கும் நடுவே மலையும் இல்லை, கடலும் இல்லை. முயல் ஓடிய பக்கமெல்லாம் நாயும் ஓடியது, நல்ல ஆண் நாய் எங்கே இருந்ததோ அங்கே பெட்டையைக் கொண்டுபோனார்கள். ஒரே வெளியில், ஒரே வேலைக்காக, ஒரே மாதிரியான ஆட்கள் வளர்த்த நாய்கள் இவை. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

உடம்பைப் பார்த்துப் பிரித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். மோப்பம் பிடித்துப் பின்தொடரும் நாய்களைப் போலன்றி, இவை கண்ணால் இரையைக் கண்டு துரத்திப் பிடிப்பவை. அந்த வேலைக்கென்றே ஓர் உடல்வாகு உண்டு: நீண்ட கால், ஆழமான நெஞ்சு, உள்ளே ஒட்டிய வயிறு, ஒடுங்கிய நீளத்தலை, சாட்டை போன்ற வால், உடம்போடு படிந்த குட்டை முடி. நாலுகால் பாய்ச்சலில் ஒவ்வொரு எட்டுக்கும் இருமுறை நான்கு கால்களுமே தரையை விட்டு எழும்பும். கால்களை முன்னும் பின்னுமாக விரித்தபோது ஒருமுறை, வயிற்றுக்கடியில் சேர்த்து மடக்கியபோது ஒருமுறை. சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் இப்படித்தான் ஓடும். மேலைநாட்டு கிரேஹவுண்டும் அரபு நாட்டு சலுக்கியும்கூட இப்படித்தான். உயரமும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆண் நாய் தோளளவில் இரண்டு அடியைக் கொஞ்சம் தாண்டி நிற்கும். அளவுநாடாவை எடுத்துப் பயனில்லை. (விலா எலும்பு லேசாகத் தெரிவதைப் பார்த்து, சோறு போடவில்லையா என்று கேட்கும் உறவினர்கள் எல்லா வீட்டுக்கும் வருவார்கள். ஓடும் நாய்க்கு அதுதான் சரியான உடம்பு. கொழுகொழுவென்று இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.)

விற்பவர்கள் வேறு அடையாளங்களும் சொல்வார்கள். கன்னி கூச்ச சுபாவம், சிப்பிப்பாறை ஒரே ஆளுக்கு மட்டும் அடங்கும். காது இப்படி மடிந்தால் அது, அப்படி மடிந்தால் இது. வால் ஒரு சுற்று அதிகம் வளைந்தால் கலப்பு. இவற்றை நான் நம்புவதில்லை. புதிய ஆளைக் கண்டால் ஒதுங்குவதும் ஒருவரிடம் மட்டும் ஒட்டிக்கொள்வதும் இரண்டிலும் உண்டு. குட்டியாக இருந்தபோது எத்தனை பேர் தொட்டுத் தூக்கினார்கள், எத்தனை நாள் கட்டிப்போட்டு வளர்த்தார்கள் என்பதே அதில் பெரும்பங்கு. காதோ, ஒரே ஈத்துக் குட்டிகளிலேயே இரண்டு விதமாக மடியும்.

ஆக, மிஞ்சுவது நிறம். அதைச் சரியாகப் பார்க்கத் தெரிய வேண்டும்.

கன்னியின் கறுப்பும் செம்மையும் தற்செயலாகத் தெளித்த திட்டுகள் அல்ல. செம்மைக்கு இடம் குறித்து வைத்திருக்கிறது. கண்ணுக்கு மேலே ஒவ்வொரு புள்ளி, மூக்குத்தண்டின் இரு பக்கம், நெஞ்சில், நான்கு கால்களின் கீழ்ப்பகுதி, வாலின் அடி. இத்தனை இடத்திலும் இருந்தால்தான் அது கன்னியின் சட்டை. கறுப்பு நாயின் நெஞ்சில் வெறும் வெள்ளைத் திட்டு இருப்பது வேறு. அதை வைத்துக் கன்னி என்று சொல்லக் கூடாது. இந்தச் செம்புள்ளிகள் பிறந்த குட்டியிலேயே தெரிந்துவிடும். செவலைக் குட்டி அப்படியல்ல. பிறக்கும்போது முதுகில் கரியைத் தூவியதுபோல இருக்கலாம், வளர வளர அது வெளுத்துப் போகும். பத்து நாள் குட்டியைப் பார்த்து, ‘கறுப்பு விழுந்திருக்கிறது, கன்னிக் கலப்பு’ என்று முடிவு கட்டினால் ஏமாற வேண்டியதுதான்.

இனி, சண்டைக்குக் காரணமான கேள்வி. தாயும் செவலை, தகப்பனும் செவலை. ஈத்தில் ஒரு குட்டி மட்டும் கறுப்பும் செம்மையுமாக விழுந்தது. பக்கத்து வீட்டு நாய் வேலியைத் தாண்டிவிட்டதா?

தாண்டியிருக்கலாம், தாண்டாமலும் இருக்கலாம். நாய்களில் செவலை நிறத்தையும் இந்தக் கறுப்பு-செம்மைக் கோலத்தையும் தருவது ஒரே மரபணுவின் இரு வடிவங்கள். ஒவ்வொரு நாய்க்கும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு கிடைக்கும். செவலை வடிவம் ஓங்கியது, ஒன்று இருந்தாலே போதும், நாய் செவலை. கன்னியின் கோலம் ஒடுங்கியது, இரண்டும் சேர்ந்தால்தான் வெளியே தெரியும். எனவே பார்வைக்குச் சுத்தமான செவலை நாய், உள்ளே கன்னியின் கோலத்தை ஒளித்து வைத்திருக்க முடியும். அப்படிப்பட்ட இரண்டு சேர்ந்தால், சராசரியாக நான்கு குட்டிக்கு ஒன்று கறுப்பு-செம்மையாகப் பிறக்கும். வேலி தாண்டல் எதுவும் தேவையில்லை.

திருப்பிப் பாருங்கள். இரண்டு கன்னிகள் சேர்ந்தால், அவற்றிடம் ஓங்கிய செவலை வடிவம் கிடையாது. குட்டிகளும் கறுப்பு-செம்மையாகவே வர வேண்டும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. உடம்பில் கறுப்பு முடியே வளரவிடாத வேறொரு மரபணு நாய்களில் இருக்கிறது. அதன் ஒடுங்கிய வடிவம் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்தால், கறுத்த பெற்றோருக்கும் வெளிறிய குட்டி பிறக்கும். பால் நிறத்தில் இருப்பதைப் பாலக்கன்னி என்று தனியாகப் பெயரிட்டு, கன்னி என்றே ஏற்றுக்கொண்டார்கள். நிறத்தை மட்டும் பார்க்காமல் தாய் தகப்பனையும் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் வெளியூர்க்காரர் பாலக்கன்னியையும் வெளிறிய சிப்பிப்பாறையையும் கண்ணால் பார்த்துப் பிரிப்பது நடக்காத காரியம்.

சாம்பல் நிற உடம்பில் கண்ணுக்கு மேலும் காலிலும் செம்புள்ளி இருந்தால்? அதுவும் கன்னியின் கோலம்தான். கறுப்பு மட்டும் வெளிறியிருக்கிறது. சிப்பிப்பாறை என்றும் விற்பார்கள், அரிய நிறம் என்று கூடுதல் விலையும் சொல்வார்கள்.

அப்படியானால் இவை இரண்டு இனமா, ஒரே இனத்தின் இரண்டு நிறமா? அரசாங்கப் பேச்சிலேயே ஒரே விடை இல்லை. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் முதன்முதலாக நாட்டு நாயினங்களைப் பதிவு செய்தபோது ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்து முதோல் ஆகிய மூன்றைத்தான் சேர்த்தது. கன்னி அதில் இல்லை. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசியபோது சிப்பிப்பாறையையும் கன்னியையும் தனித்தனியாகச் சொன்னார். முதோலுக்கும் இதே கதைதான். ஒரு சங்கம் அதை முதோல் என்கிறது, இன்னொன்று கேரவன் ஹவுண்ட் என்கிறது. என் கணிப்பு, ஒரே நாய்க்கூட்டத்திலிருந்து கறுப்பு-செம்மையை விரும்பியவர்கள் அதை மட்டும் தமக்குள் சேர்த்துச் சேர்த்து வளர்த்த கிளைதான் கன்னி. பல தலைமுறை அப்படிச் சேர்த்தால் அது தனிக் கிளையாகவே நிற்கும். அதனால் கன்னி வளர்ப்பவர் ‘இது வேறு நாய்’ என்று அடித்துச் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

வாங்கப் போகிறவர் உண்மையில் பயப்பட வேண்டியது இந்த இரண்டின் கலப்புக்கு அல்ல. கிரேஹவுண்டு கலப்புக்குத்தான். வேகத்துக்காக அதைச் சேர்த்துவிட்டு, ‘பெரிய எலும்பு சிப்பிப்பாறை’ என்று விற்பது நடக்கிறது. தொடை திரண்டு, முதுகு அகன்று, எடை கூடி நின்றால் சந்தேகப்படுங்கள். உடம்பில் பெரிய வெள்ளைத் திட்டுகள் இருப்பதும் அதே சந்தேகத்தைத் தரும். முயல் பிடித்துக் காட்டுகிறேன் என்று யாராவது நாயின் தரத்தை நிரூபிக்க வந்தால் விலகிவிடுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்; பார்க்கப் போனவரும் மாட்டிக்கொள்ள நேரலாம்.

குட்டியை மட்டும் பார்த்து விலை பேசாதீர்கள். தாயைக் கட்டாயம் பாருங்கள், முடிந்தால் தகப்பனையும். அதே சோடிக்கு முந்தைய ஈத்தில் பிறந்தவை எங்கே இருக்கின்றன என்று கேட்டு, வளர்ந்த ஒன்றை நேரில் போய்ப் பாருங்கள். அதற்கு மேலும் நிறத்தைப் பற்றித் தெரிய வேண்டுமானால், கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவி எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பலாம். செவலை நாய்க்குள் கன்னியின் கோலம் ஒளிந்திருக்கிறதா என்பதை அது சொல்லிவிடும். அந்த நாயைச் சிப்பிப்பாறை என்று அழைப்பதா கன்னி என்று அழைப்பதா என்பதை எந்தச் சோதனைச்சாலையும் சொல்லாது. அதைத் தாய் தகப்பனைத் தெரிந்தவரிடம்தான் கேட்க வேண்டும்.