அசையும் படம் ஏன் கனக்கிறது?

480 பிக்சல் அகலம், 270 பிக்சல் உயரம். விநாடிக்கு 15 ஃபிரேம் வீதம் மூன்று விநாடி ஓடும் ஒரு ஜிஃப் படம். பிக்சலுக்கு ஒரு பைட் என்று வைத்தாலே 58 லட்சம் பைட்டைத் தாண்டுகிறது. அமெரிக்காவின் கம்ப்யூசர்வ் நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட்டும் அவருடைய குழுவும் ஜிஃப்பை உருவாக்கிய 1987இல், வீட்டு மோடம் விநாடிக்கு 300 பைட் கடத்தினாலே பெரிய விஷயம். அந்த வேகத்தில் இந்தப் படம் வந்து சேர ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே, சிக்கனம் ஜிஃப்போடு கூடப் பிறந்த குணம்.

நிறத்தில் முதல் சிக்கனம்: ஒரு ஃபிரேமின் பட்டியலில் அதிகபட்சம் 256 நிறங்கள்தான். உண்மையான சாமர்த்தியம் அடுத்த படியில் இருக்கிறது. லெம்பல், ஸிவ், வெல்ச் என்ற மூவரின் பெயர்களால் எல்இசட்டபிள்யூ எனப்படும் சுருக்கமுறை அது. பிக்சல்களை இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போய், கண்ட கோவைகளையெல்லாம் தன் அகராதியில் சேர்த்துக்கொள்ளும். ஒரே நீலத்தில் ஒரு வரி முழுக்க, 480 பிக்சல் என்று வையுங்கள். முதல் குறியீடு ஒரு பிக்சலைச் சொல்லும். அடுத்தது இரண்டை, அதற்கடுத்தது மூன்றை. இப்படியே நீண்டு, 31 குறியீடுகளில் 480 பிக்சலும் முடிந்துவிடும்!

அதே வரியில் நீலத்துக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக வேறு நிறப் புள்ளிகளைத் தூவினால் கோவைகள் அறுந்துபோகும். அகராதி வளர்ந்தும் பயனில்லை. இதைத்தான் ‘டிதரிங்’ செய்கிறது. 256 நிறத்தில் அந்தி வானத்தைக் காட்ட முடியாதபோது, இரண்டு நிறங்களைப் புள்ளிபுள்ளியாகக் கலந்து கண்ணை ஏமாற்றுகிறார்கள். கண்ணுக்கு மென்மை, சுருக்குகிற நிரலுக்குத் தலைவலி. படத்தைச் சிறிதாக்க நினைப்பவர் முதலில் நிறுத்திப் பார்க்க வேண்டியது இதைத்தான். கார்ட்டூனுக்கு 32 நிறங்கள்கூடத் தாராளம்.

அடுத்து, அசைவு. இருட்டு அறையில் ஓர் அகல்விளக்கு எரிகிறது. அசைவது சுடர் மட்டும். ஒவ்வொரு ஃபிரேமிலும் சுவரையும் தரையையும் திரும்ப எழுதுவானேன்? சுடரைச் சுற்றி 40க்கு 60 பிக்சல் கட்டம் போட்டு, அதை மட்டும் எழுதினால் 2,400 பிக்சல். முழு ஃபிரேம் என்றால் 1,29,600. அந்தக் கட்டத்துக்குள்ளேயும் மாறாத பிக்சல்களை ஒளிபுகு நிறமாக்கிவிடலாம். கணக்குப் புத்தகத்தில் ‘மேற்படி’ என்று எழுதுவது போலத்தான். அந்த ‘மேற்படி’கள் அடுத்தடுத்து வந்தால், நீல வரியைப் போலவே அவையும் சுருங்கும்.

ஆனால் அதே விளக்கைக் கைபேசியில் படம்பிடித்து ஜிஃப் ஆக்கினால் கதை வேறு. மங்கிய வெளிச்சத்தில் கேமராவின் இரைச்சலால் அசையாத சுவர்கூட ஃபிரேமுக்கு ஃபிரேம் துளித்துளியாக மாறும். நம் கண்ணுக்குத் தெரியாது, நிரலுக்குத் தெரியும். கை சற்று நடுங்கிவிட்டால் போச்சு, படம் முழுக்கப் புதிது. ‘ஜிஃப்சிகிள்’ போன்ற கருவிகளில் இதற்கும் ஒரு வழி உண்டு. கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கும் நிறங்களை ஒன்றே என்று எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். படம் கொஞ்சம் பிசிறடிக்கும், எடை இறங்கும்.

அதற்கு மேல் ஜிஃப்பைக் கசக்கிப் பிழிவது வீண்வேலை. ஒரு பொருள் நகர்ந்தது என்று சொல்லவே அதற்குத் தெரியாது. பேருந்து மூன்று பிக்சல் வலப்பக்கம் போனால், மாறிய பிக்சல்களையெல்லாம் மறுபடி எழுதும். எம்பி4 வீடியோவோ, ‘முந்தைய ஃபிரேமில் இருந்த இந்தத் துண்டை மூன்று பிக்சல் தள்ளி வை’ என்று சொல்லிவிட்டு மேலே போய்விடும். 2014இலேயே ட்விட்டர், பயனர்கள் ஏற்றும் ஜிஃப்களை எம்பி4 ஆக மாற்றத் தொடங்கிவிட்டது. ஜிஃப் என்று பெயர் போட்டு அங்கே ஓடியது வீடியோதான்.

உங்கள் பக்கத்தில் அசையும் படம் வைக்கிறீர்களா? முதலில் அளவைக் குறையுங்கள். அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கினால் பிக்சல்கள் கால்வாசியாகிவிடும். விநாடிக்கு 10 ஃபிரேம் போதுமா என்று பாருங்கள். வரைந்த படமென்றால் நிறங்களைக் குறைத்து ஜிஃப்பாகவே விடலாம். கேமராவில் எடுத்ததென்றால், ஒலியில்லாமல் தானாக ஓடித் திரும்பத் திரும்பச் சுழலும் வீடியோவாக வையுங்கள். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது, அவருடைய டேட்டாவும் மிஞ்சும்.