ஓடும் நீரில் வளரும் மீன்: தீனியும் நீச்சலும் தசையைப் பெருக்கும் வகை

நுவரெலியாப் பகுதியில் லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு முதலியன பயிரிடும் கமக்காரர் பலரின் காணியோரமாக ஓர் ஓடை ஓடுவதுண்டு. 1880களில் தோட்டத்துரைமார், இத்தகைய குளிர்ந்த ஓடைகளில் விடுவதற்கென ட்ரவுட் மீனின் முட்டைகளைப் பனிக்கட்டியிடையே வைத்துக் கப்பலிற் கொணர்ந்தனர். தூண்டில் போட்டுப் பொழுதுபோக்குவதே அவர்தம் நோக்கம். பின்னர் வந்த வானவில் ட்ரவுட் ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகளில் நிலைகொண்டது. இம்மீன் 13 முதல் 18 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீரில் செழித்து வளரும். 25 பாகையை எட்டிய நீரில் உயிர் தரிப்பது அரிது.

இதனைத் தொட்டியில் வளர்க்க எண்ணுவோர் முதலில் அறியவேண்டியது மீனின் தசை பற்றியாகும். மீனின் எடையிற் பாதிக்கு மேற்பட்டது தசையே. தோலை உரித்துப் பார்த்தால் விலாவின் நடுவே மெல்லிய செந்நிறப் பட்டையொன்று தெரியும். சலியாது நீந்துவதற்கு உதவுவது அதுவே. எஞ்சிய வெண்தசை, பாய்ந்து தப்புவதற்குப் பயன்படுவது. உண்பவருக்குக் கிடைக்கும் இறைச்சியும் பெரும்பாலும் அதுவே. ஆடுமாடுகளைப் போலன்றி, மீனுக்குப் பிறந்து நெடுநாள் சென்ற பின்னரும் புதிய தசைநார்கள் தோன்றும், பழையனவும் தடிக்கும். ஆகவே நல்ல வளர்ப்புக்குப் பலன் உண்டு.

தசை புரதத்தால் ஆவது. ட்ரவுட் ஊனுண்ணி, அதன் தீனியில் ஏறக்குறைய 40 சதவீதம் புரதம் இருத்தல் வேண்டும். தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் மலிவானவை என்று அவற்றை மட்டும் இடுவது வீண்செலவு. மாப்பொருளை இம்மீன் நன்கு பயன்படுத்தாது. அளவுக்கு மிஞ்சிய தீனியோ வயிற்றிற் கொழுப்பாகத் தங்கும். மீதி அடியிற் படிந்து அழுகி நீரிலுள்ள ஒட்சிசனைக் குறைக்கும்.

இனி நீச்சல். தேங்கிய நீரிலுள்ள ட்ரவுட்டுகள் இடத்துக்காக ஒன்றையொன்று கடித்துத் துரத்துவதிலேயே வலுவை இழக்கும். மிதமான ஓட்டம் இருப்பின் யாவும் நீரை எதிர்நோக்கி ஒழுங்காக நிற்கும், சண்டை குறையும். அவ்வாறு நீந்தும் மீன் கொழுப்பை எரித்துப் புரதத்தைத் தசைக்கு மிச்சப்படுத்துகிறது. அதே தீனியில் அதிக இறைச்சி கிடைப்பதன் காரணம் இதுவே.

தக்க ஓட்டம், விநாடிக்கு மீனின் ஓருடல் நீளம் முதல் ஒன்றரை உடல் நீளம் வரை. இதை அளக்கக் கருவி வேண்டியதில்லை. வாய்க்காலில் 10 அடி தூரத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு வைக்கோல் துண்டை மிதக்கவிடுக. 6 அங்குல மீனுக்கு அது 13 முதல் 20 விநாடியில் கடக்க வேண்டும். 10 அங்குல மீனுக்கு 8 முதல் 12 விநாடி. மேற்பரப்பு நீர் அடிநீரைக் காட்டிலும் சற்று விரைவாக ஓடும் என்பதையும் நினைவிற் கொள்க. இதனினும் மிக விரைந்தால் மீன் களைத்துக் கடைக்கம்பி வலையில் ஒட்டிவிடும். ஏர் மாட்டை அறிந்தவருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. பட்டினி போட்டு நீந்தவைத்தால் உள்ள தசையும் கரையும்.

ஹட்டனைச் சூழ்ந்த, சற்றுத் தாழ்ந்த இடங்களில் கெண்டை வளர்ப்போர் இம்முறையைப் பின்பற்றத் தேவையில்லை. கெண்டை அமைதியான நீரை விரும்புவது; சேற்றிலுள்ள புழுவையும் தேடித் தின்னும்.

பெரிய ஆபத்து மரக்கறித் தோட்டத்திலேயே உண்டு. பூச்சிநாசினிகள் சில, சிறிதளவிலும் மீனைக் கொல்லும். மருந்தடித்த தெளிகருவியை ஓடையில் ஒரு மாலை கழுவினால் ஓராண்டு உழைப்பு மறுநாட் காலையில் மல்லாந்து மிதக்கும். அயலாரின் பாத்திகளுக்கும் மேலேயிருந்து நீரைத் திருப்பிக்கொள்வது தக்கது. ட்ரவுட் பிற சிறுமீன்களையும் இறாலையும் தின்பதாகையால், அது ஓடைக்குத் தப்பிச் செல்லாதவாறு நீர் வெளியேறும் வாயிலை நெருங்கிய கம்பியால் அடைத்தல் அவசியம். குஞ்சு வாங்குமுன் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் அலுவலரைக் கலந்துகொள்க.

பிடிப்பதற்கு முன் ஒரு நாள் தீனியை நிறுத்தினால் குடல் வெறுமையாகி, இறைச்சி விரைவிற் கெடாது.