வாணிகக் கொடி

பொருளை விற்பது போலவே, அது தம்மிடம் உண்டு எனப் பிறர்க்கு அறிவிப்பதும் வணிகர் தொழிலின் ஒரு பகுதியாகும். அறிவிப்பு இன்றேல் வாங்குவோர் கடைதோறும் அலைந்து இடர்ப்படுவர். ஆகவே விளம்பரம் தன்னளவில் தீதன்று. அது வாங்குவோரின் மயக்கத்தைத் தீர்க்கின்றதா, பெருக்குகின்றதா என்பதே நாம் நோக்கத்தக்கது.

இதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் கடைவீதிகளைக் காண்கின்றான். அவற்றுள் ஒன்று பொன் வணிகர் வீதி. சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என நால்வகைப் பொன் அங்கு விற்கப்பட்டது. வாங்க வருவோர் இவற்றுள் எது எங்குக் கிடைக்கும் என்று மயங்காதிருத்தற்பொருட்டு, பொன்னின் இயல்பறிந்த வணிகர் கொடிகளை உயர்த்தியிருந்தனர். உண்மையை உரைப்பதே அக்கொடிகளின் பயன். அதே மதுரையில் பொற்கொல்லன் ஒருவன் கூறிய பொய்யால் கோவலன் உயிரிழந்தான்; அரசனும் மாண்டான்; நகரும் எரியுண்டது. மெய் கொடியாய்ப் பறந்த ஊரையே ஒரு பொய் அழித்துவிட்டதன்றோ!

இக்காலத்து நிலையைக் காண்போம். இராமநாதபுரம் மாவட்டத்துச் சிக்கலைச் சார்ந்த உழவர் ஒருவர், மிளகாய் விளைவித்துச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, மகள் திருமணத்திற்கு நகை வாங்க மதுரைக்குச் செல்வதாகக் கொள்வோம். 22 காரட் நகையில் ஆயிரம் பங்கிற்கு 916 பங்கு தூய பொன் உண்டு. 18 காரட் நகையில் 750 பங்கே உண்டு. ஒரு சவரன், அதாவது 8 கிராம் நகையில், முன்னதில் ஏறத்தாழ 7.33 கிராம் பொன் இருக்கும். பின்னதில் 6 கிராமே இருக்கும். பழகாத கண்ணுக்கு இவ்வேறுபாடு எளிதில் புலப்படாது. ஆயினும் அவ்வேறுபாட்டில் அவ்வுழவரின் பல நாள் உழைப்பு அடங்கியுள்ளது.

இம்மயக்கத்தைத் தீர்க்கும் இன்றைய கொடியே ஹால்மார்க் முத்திரை. 2021 ஜூன் 16 முதல் இது படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் இலச்சினை, பொன்னின் தூய்மை, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்கத் தனிக்குறி ஆகிய மூன்றும் நகையில் பொறிக்கப்படும்.

எனினும், முத்திரை பொன்னின் தூய்மையைக் காட்டுமேயன்றி வணிகரின் நெஞ்சத் தூய்மையைக் காட்டாது. ‘சேதாரம் இல்லை’ என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்துவிட்டு, செய்கூலியை உயர்த்திக்கொள்ளுதல் நேர்மையாகுமா? பதித்த கல்லின் எடைக்கும் பொன்னின் விலையை வாங்குதல் முறையாகுமா? நல்ல வணிகர் பொன்னின் எடை, கல்லின் எடை, சேதாரம், செய்கூலி, வரி ஆகியவற்றைப் பட்டியலில் தனித்தனியே எழுதி, வாங்குவோர் வினவுமுன் விளக்குவார். மயக்கும் விளம்பரத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க, 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடந்தருகின்றது. தண்டத்திற்கு அஞ்சி மெய் கூறுவோரினும், மனச்சான்றுக்கு அஞ்சி மெய் கூறுவோரே சிறந்தோராவர்.

இந்நெறி நகைக்கடைக்கு மட்டும் உரியதன்று. இராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அப்பெயரைக் கூறி வேறு மிளகாயைக் கலந்து விற்பவரும் பொய்க்கொடி உயர்த்தியவரே ஆவர். விற்பவர் எவராயினும், தாம் வாங்குமிடத்து எவ்வுண்மையை எதிர்பார்ப்பரோ, அவ்வுண்மையைத் தாம் விற்குமிடத்தும் வழங்குதல் வேண்டும். அத்தகைய வணிகர்க்கு அவர்தம் நற்பெயரே உயர்ந்த கொடியாக விளங்கும்.