நஞ்சை வாங்குவோர் முதலில் மடையைப் பார்க்க வேண்டும்

பணி ஓய்வு பெறும்போது கையில் ஒரு தொகை சேர்ந்தால், தாமிரபரணிப் பாசனத்தில் ஓர் ஏக்கராவது நஞ்சை வாங்கிப் போடவேண்டும் என்ற ஆசை நம் பக்கத்தில் இன்றும் குறையவில்லை. ஆசையில் தவறில்லை. ஆனால் வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வாங்கிய வயலுக்குத் தண்ணீர் ஏறாமலும், வயலில் பாடுபடுகிறவருடன் வழக்காடியும் அல்லல்படுவோர் உண்டு. கிரயத்துக்கு முன் ஒரு மாதம் பொறுத்து விசாரித்தால் இத்தகைய தொல்லைகளைத் தவிர்க்கலாம்.

விசாரிக்க வேண்டியவை மூன்று: மடை, ஆள், பத்திரம். இந்த வரிசையிலேயே விசாரிப்பது நல்லது. பலர் பத்திரத்தை மட்டும் பார்த்துவிட்டு முதல் இரண்டையும் மறந்துவிடுகின்றனர்.

மடை

தாமிரபரணியில் 8 அணைக்கட்டுகளும் 11 கால்வாய்களும் உள்ளன. இவற்றின் ஆயக்கட்டு சுமார் 86,000 ஏக்கர். மேலேயுள்ள வடக்கு, தெற்கு கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், கோடகன், பாளையங்கால்வாய், திருநெல்வேலிக் கால்வாய் ஆகியவை 7. கீழேயுள்ள மருதூர் மேலக்கால், கீழக்கால், ஸ்ரீவைகுண்டம் வடகால், தென்கால் ஆகியவை 4. ஆற்றுப் பாசனம் என்ற பெயர் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் என்றாலும், தண்ணீர் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. தென்மேற்குப் பருவமழை ஏமாற்றி, பாபநாசம் அணையில் நீர் குறைந்த ஆண்டுகளில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் கிடைக்காமல் போவதுண்டு. அப்போது கடைமடைக்காரர்தான் முதலில் பாதிக்கப்படுவார்.

ஆகவே வயல் எந்தக் கால்வாயில், எந்த மடையில் பாய்கிறது, தலைமடையா கடைமடையா, நேரடிப் பாசனமா குளத்துப் பாசனமா என்று கேட்டறிய வேண்டும். தண்ணீர் பொது வாய்க்காலிலிருந்து நேரே வருகிறதா, பிறர் வயல் வழியாக வருகிறதா என்பதும் முக்கியம். பிறர் வயல் வழியாக வந்தால், இன்று விட்டவர் நாளை வரப்பை உயர்த்திவிடலாம். வண்டிப் பாதையையும் வடிகாலையும் இதேபோல் பார்க்க வேண்டும்.

வயலை இரண்டு முறை பார்ப்பது நலம். ஒருமுறை பிசானத்தில் அடைமழை பெய்து ஓய்ந்ததும் பார்த்தால் தண்ணீர் வடிகிறதா, தேங்குகிறதா என்று தெரியும். மறுமுறை கார் நடவு முடிந்தபின் பார்த்தால் தண்ணீர் ஏறுகிறதா என்று தெரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அந்த வெள்ளத்தில் இந்த வயல் எப்படி இருந்தது, கரை உடைந்ததா, மணல் மூடியதா என்று பக்கத்து வயல்காரரைக் கேளுங்கள். தரகர் சொல்லாததை அவர் சொல்லிவிடுவார்.

ஆள்

வில்லங்கச் சான்று வாங்கிப் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை என்று நிம்மதி அடைவோர் பலர். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டுமே வரும். வாய்மொழியாக விட்ட குத்தகை அதில் வராது. நம் பக்கத்தில் பாட்டம் என்றும் வாரம் என்றும் பல நிலங்கள் வாய்ப்பேச்சிலேயே விடப்பட்டிருக்கின்றன.

1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், தாமும் குடும்பத்தாரும் வயலில் இறங்கிப் பாடுபடுகிற குத்தகைதாரருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. குத்தகை பாக்கி வைத்தல், நிலத்துக்கோ பயிருக்கோ கேடு செய்தல், விவசாயம் அல்லாத காரியத்துக்கு நிலத்தைப் பயன்படுத்துதல், உரிமையாளரின் உரிமையையே வேண்டுமென்று மறுத்தல் போன்ற காரணங்கள் இருந்தால்தான் அவரை வெளியேற்றக் கோரலாம். அதுவும் உரிய வருவாய் அதிகாரியின் உத்தரவின் பேரிலேயே நடக்க வேண்டும். அவருக்குப் பின் அதே வயலில் பாடுபடும் வாரிசுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. நிலம் கைமாறியது என்பதற்காக மட்டும் குத்தகை முடிந்துவிடாது.

எனவே வயலில் இன்று நிற்கும் பயிர் யாருடையது என்று முதலில் கேளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அடங்கலில் சாகுபடி விவரத்தைப் பாருங்கள். 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டப்படி அந்தச் சர்வே எண்ணில் எவர் பெயராவது பதிவாகியிருக்கிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். குத்தகைதாரர் இருந்தால் அவரையும் உட்கார வைத்துப் பேசி, எழுத்தில் முடிவு கண்ட பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். அந்த வயலை நம்பி ஒரு குடும்பம் சாப்பிடுகிறது என்பதை மறக்கலாகாது.

பத்திரம்

பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு, புலப்படம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். வில்லங்கச் சான்று குறைந்தது 30 ஆண்டுகளுக்காவது வேண்டும். 1979 முதல் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யு.டி.ஆர். பட்டாவில், பெயரும் பரப்பும் மாறிப்போன இனங்கள் உண்டு. பட்டா ஒன்றை மட்டும் நம்பாமல் மூலப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பழைய பத்திரங்களில் கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்று பரப்பு எழுதப்பட்டிருக்கும். ஒரு கோட்டைக்கு 21 மரக்கால் என்பது தெரிந்ததே. ஆனால் ஒரு மரக்கால் விதைப்பாடு எத்தனை சென்ட் என்பதில் ஊர்க் கணக்கு வேறுபடலாம். ஆகையால் சர்வேயரைக் கொண்டு அளந்து, ஏக்கரிலும் ஹெக்டேரிலும் எழுதிக்கொள்வதே சரி. ஒரு ஏர் என்பது 2.47 சென்ட்.

கோயில், மடம் ஆகியவற்றின் நிலத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. இந்து சமய அறநிலையத் துறை ஆணையரின் அனுமதியின்றி இந்நிலங்களை விற்றாலும், ஐந்து ஆண்டுகளுக்கு மேல் குத்தகைக்கு விட்டாலும், 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது செல்லாது. குளம், வாய்க்கால் புறம்போக்கை எத்தனை ஆண்டுகள் அனுபவித்திருந்தாலும் அதை விலைக்கு வாங்கலாகாது.

வெளிநாட்டில் வசிப்போர் கவனிக்க வேண்டிய ஒன்று. இந்தியக் குடிமகனாகவே இருந்தாலும், அன்னியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாடு வாழ் இந்தியர் விவசாய நிலம் விலைக்கு வாங்க இயலாது. வாரிசாகப் பெறுவதற்குத் தடையில்லை.

வயலை மனையாக்கி விற்பார்கள், வாங்கிப் போட்டால் இரட்டிப்பாகும் என்ற பேச்சிலும் நிதானம் வேண்டும். அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்கு 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017-இல் வந்த வரன்முறை விதிகள், 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளுக்கே வழி செய்தன. வயலின் நடுவே கல் நட்டுச் சாலை போட்டுவிட்டால் மட்டும் அது மனையாகிவிடாது.

வருமானக் கணக்கு

குத்தகை வருமானத்தைக் காட்டிக் கடன் வாங்கி நிலம் வாங்குவது கூடாது. 1956-ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டம், பின்னர் வந்த திருத்தத்தின்படி, சாதாரண விளைச்சலில் நூற்றுக்கு 25 பங்கையே நில உரிமையாளருக்கு அளிக்கிறது. ஒரு கணக்குப் பார்ப்போம். ஏக்கருக்கு ஒரு போகம் 2,400 கிலோ நெல் என்று வைத்துக்கொண்டால் உரிமையாளர் பங்கு 600 கிலோ. கிலோ 23 ரூபாய் என்றால் 13,800 ரூபாய். இரண்டு போகமும் தவறாமல் விளைந்தால் 27,600 ரூபாய். அந்த ஏக்கரின் விலை 20 லட்சம் ரூபாயானால், வருமானம் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய்கூட ஆகவில்லை. வங்கி வட்டியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். தாமே பயிரிடப் போகிறவருக்கும், கையிருப்புப் பணத்தில் வாங்கி நெடுங்காலம் வைத்திருக்கக் கூடியவருக்குமே நஞ்சை ஏற்றது.

குத்தகைக்கு விடும்போது

ஏற்கெனவே நிலம் உடையவர்கள் குத்தகையை எழுத்தில் செய்வது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையானால் பத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டும். சர்வே எண், பரப்பு, குத்தகை அளவு, அளக்க வேண்டிய மாதம், நெல்லாகவா பணமாகவா, வாழை வைக்கலாமா, வரப்பு, வாய்க்கால் பராமரிப்பு யார் பொறுப்பு ஆகியவை அதில் இருக்க வேண்டும். வாழை ஓராண்டுப் பயிராதலால், நெல்லுக்கென்று பேசிய குத்தகையில் இதைத் தெளிவாக்காவிட்டால் சச்சரவு வரும். குத்தகை பெற்றதும் ரசீது கொடுங்கள். ரசீது கொடுத்தால் அவருக்கு உரிமை வந்துவிடும் என்று அஞ்சி மறுப்பது பயனற்றது. அவருடைய உரிமை வயலில் படும் பாட்டிலிருந்து வருவது.

வெள்ளத்திலோ வறட்சியிலோ விளைச்சல் போன ஆண்டில் முழுக் குத்தகையையும் கேட்க வேண்டாம். மணல் மூடிய வயலைச் செப்பனிட்டு மீண்டும் நடவு செய்கிறவர் உங்கள் முதலைத்தான் காப்பாற்றுகிறார். அந்த ஆண்டு விட்டுக்கொடுக்கும் சில மூட்டை நெல்லைவிட, வரப்பையும் மடையையும் பேணும் ஒரு நல்ல குத்தகைதாரர் மதிப்புள்ளவர்.

நிலம் பார்த்துக்கொண்டிருப்போர் இந்தப் பிசானத்திலேயே ஒருநாள் அந்த வயலுக்குத் தரகர் இல்லாமல் சென்று வரவும். மடையில் நிற்கிறவரிடம் கால் மணி நேரம் பேசினால், வாங்கலாமா வேண்டாமா என்பதில் பாதி தெளிந்துவிடும்.